திமிரும் திமிரியும்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது கதைகள்தான். குடி, கோபம், கிராப்புத் தலை, ஷெர்வானி, ஜமீன்தாரை முறைத்தது, கச்சேரிக்குப் போகாமல் விட்டது. சொல்பவர் மாறினால் ஊர் மாறும், தொகை மாறும். கடைசியில் "ஆனா தோடி வாசிச்சா..." என்று ஒரு பெருமூச்சு. வாசிச்சா என்ன? அதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு இந்தக் கதைகள் மேல் இரண்டு புகார்கள் உண்டு. முதலாவது, 'திமிர்' என்ற சொல். அவர் காலத்தில் நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். திறந்த மார்பு, இடுப்பில் துண்டு. அதே வீட்டுக் கல்யாணத்தில் பாட வந்த வித்வான் மேடையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பார். இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் 'நானும் உட்கார்ந்துதான் வாசிப்பேன், சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன்' என்றால் அது திமிராம். பாடகர் பிடிவாதம் பிடித்தால் மட்டும் மேதையின் சுபாவம்! 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில் அவர் நாகஸ்வரம் ஒலித்ததைச் சொல்லும்போது மட்டும் நமக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது புகார்தான் பெரியது. கதைகளின் சத்தத்தில், அவர் வாத்தியத்தில் செய்த காரியம் காணாமல் போகிறது.

பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையானது, நாலு, நாலரை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் பேசும். நாலு வீதிக்கும் கேட்கும். ஆனால் சுத்த மத்திமம் அதில் நேராக விழாது. சீவாளியிலும் மூச்சிலும் விரலிலும் சரிக்கட்டி வாசிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சமாளித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளை சமாளிக்க மறுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளமான, இரண்டு இரண்டரை கட்டையில் பேசுகிற பாரி நாகஸ்வரத்துக்கு வழி செய்தார். என் தொழில் பாஷையில் சொன்னால், மேலே மேலே ஒட்டுப்போடாமல் அடித்தளத்தையே திருத்தியிருக்கிறார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டதும் இதே வழியில்தான்.

சரி, இதற்கும் தோடிக்கும் என்ன? தோடியின் உயிர் காந்தாரம். அது ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஊஞ்சலின் ஒரு முனை மத்திமம். அந்த முனை கொஞ்சம் வழுவினால் காந்தாரமும் வழுவும், தோடியே கலங்கும். தோடியை இவ்வளவு நேசித்தவர் மத்திமத்துக்காக வாத்தியத்தையே மாற்றக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கிராமபோன் தட்டில் அவர் வாசித்த தோடி கிடைக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசிப்பவர் என்று பெயரெடுத்தவருக்கு அது கைக்குட்டை அளவு இடம். ஆனாலும் அவசரம் தெரியவில்லை. பஞ்சமத்தைத் தொடாமல் தாண்டித் தாண்டிப் போகிற பிடிகளைக் கேளுங்கள்; காது அந்த ஸ்வரத்துக்கு ஏங்க ஆரம்பிக்கும். வேகமான பிருகாக்களில்கூட ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக உதிர்கிறது. சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவர் என்பது கார்வைகளில் தெரிகிறது: ஊதுவது மாதிரி இல்லை, அகாரத்தில் பாடுவது மாதிரி இருக்கிறது. 'காளமேகம்' (1940) படத்தில் கதாநாயகனாக நடித்ததை விட்டுவிடலாம், அவர் புகழ் அங்கே இல்லை.

பாரியால் நஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திமிரிக்கு மைக் வேண்டாம். சாமி தெற்கு வீதி திரும்பும்போதே வடக்கு வீதியில் இருப்பவருக்குச் சேதி சொல்லிவிடும். பாரி மேடைக்கும் மைக்குக்கும் ஏற்ற குரல். இன்று பெரும்பாலோர் கையில் பாரிதான். வீதியில் கேட்ட அந்தக் கூர்மை அரிதாகிவிட்டது.

அவர் 1956 டிசம்பரில், 58 வயதில் காலமானார். தட்டைக் கேட்பவர்கள் தயவுசெய்து செல்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், வெறும் கீச்சொலிதான் மிஞ்சும். நல்ல ஹெட்போன் போட்டு, முதல் தடவை காந்தாரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.