‘நடத்தை’ என்னும் சொல்லும் ‘வெள்ளை மொழி’யும்

எச்.ஐ.வி. பற்றிய அறிக்கைகளில் ‘ஆபத்தான நடத்தை’ என்னும் தொடர் அடிக்கடி கண்ணிற்படும். மருத்துவத்தில் அதற்கு உரிய இடம் உண்டு. பாதுகாப்பற்ற உறவின் வழியாகவே இக்கிருமி பெரும்பாலும் பரவுகிறது. ஆயின் ‘நடத்தை’ என்ற சொல் தமிழில் ஒழுக்கத்தையும் குறிப்பதால், மருத்துவர் எழுதிய குறிப்பு நம் செவியில் தீர்ப்பாக விழுகிறது. ‘தாமே தேடிக்கொண்டது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவ்வாறு புரட்ட விடாத நூல், ஏ. ரேவதி என்னும் திருநங்கையின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’. தமிழில் எழுதப்பட்ட இவ்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கில நூலாக முதலில் வெளிவந்து, பின்னரே தமிழ் நூலாயிற்று.

எண்கள் சொல்வதை முதலில் நோக்குவோம். பதினைந்து நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று, நூறு திருநங்கையருள் ஏறத்தாழ 19 பேரிடம் இக்கிருமி இருப்பதாகக் கணித்தது. இந்தியாவில் 2017-இல் நடந்த கண்காணிப்புக் கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். நாட்டின் வயதுவந்தோரிடையேயோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவர் மட்டுமே. இவ்வளவு பெரிய இடைவெளி எங்ஙனம் உண்டாயிற்று? எண்கள் விடை கூறா. ரேவதியின் கதை கூறுகிறது.

நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் மகனாக வளர்க்கப்பட்ட பிள்ளை, தன்னைப் பெண்ணாக உணர்கிறது. பள்ளியில் ஏளனம், வீட்டில் அண்ணன் கையில் கிரிக்கெட் மட்டை. அடிக்கு அஞ்சி ஓடிய பிள்ளைக்குத் தில்லியிலும் மும்பையிலும் திருநங்கையர் குடும்பமே தாய்வீடாகிறது. அங்கே திறந்திருந்த தொழில்கள் இரண்டே: கடைதோறும் கையேந்துதல், உடலை விற்றல். இரண்டாவதில் இறங்கியவரை ரௌடியும் காவலரும் மாறிமாறி வதைக்கின்றனர். கத்தி முனையில் நிற்பவள் ஆணுறை பற்றிப் பேரம் பேச இயலுமா? பையில் ஆணுறை இருப்பதையே விபசாரத்துக்குச் சான்றாகக் காவலர் கொள்ளும் நிலையில், அதை எடுத்துச் செல்லத்தான் துணிவாளா? அறிக்கை ‘நடத்தை’ எனக் குறிக்கும் இடத்திலெல்லாம், தெரிவு செய்யும் உரிமை முன்னரே பறிபோயிருப்பதை நூல் காட்டுகிறது.

எனினும் ரேவதி தம்மை வெறும் பலியாளாக வரையவில்லை. வறுமை மட்டுமின்றி, உடலின் விருப்பமும் அன்புக்கான ஏக்கமும் தம்மை அத்தொழிலுக்கு இட்டுச் சென்றதை மறைக்காமல் எழுதுகிறார். வாசகரின் இரக்கத்தைப் பெற விழையும் எழுத்தாளர் தவிர்த்திருக்கக்கூடிய உண்மை இது. நூலின் உயர்வும் இதிலேயே உள்ளது. நோய்த்தடுப்புப் பணியாளர் கற்க வேண்டிய பாடமும் இங்கே கிடைக்கிறது. வாடிக்கையாளரிடம் ஆணுறையை வற்புறுத்தும் பெண்ணும், ‘கணவன்’ என ஏற்றுக்கொண்டவனிடம் அதைத் தவிர்ப்பதுண்டு. எவரும் மதியாத வாழ்வில் தன்னை மனைவி என அழைத்த ஒருவனிடம் ஐயம் காட்ட மனம் ஒப்புவதில்லை. துண்டறிக்கையால் தீரக்கூடிய அறியாமை அன்று இது.

குறையும் உண்டு. துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து அடுக்கப்படுவதால், நின்று சிந்திக்க வாசகருக்குச் சில இடங்களில் மூச்சு கிடைப்பதில்லை. ஆயினும், 1999-இல் பெங்களூருவில் ‘சங்கமா’ அமைப்பில் பணியேற்றபின் அவர் எழுதும் பகுதிகளில் நடை நிதானம் பெறுகிறது.

ரேவதி கடந்துவந்த காலத்துக்குப் பின் பல மாறியுள்ளன. 2008-இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014-இல் உச்சநீதிமன்றம் அவர்களின் பாலின அடையாளத்தை ஏற்றது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து, உறவின் வழி அது பிறருக்குப் பரவாது என்பதும் இன்று உறுதியாகியுள்ளது. ஆயின் மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. ஆண்கள் வரிசையிலா பெண்கள் வரிசையிலா என்று அவளை நிறுத்திவைத்து நகைக்கும் கூட்டமும் அங்கேயே இருக்கிறது.

ஆகவே இந்நூலை மருத்துவரும் காவலரும் படிக்கட்டும். அவர்களுக்கு முன்னரே படிக்க வேண்டியவர்கள், தம் மகனின் நடையும் பேச்சும் கண்டு கலங்கி, அடித்தால் திருந்துவான் என எண்ணும் பெற்றோரே. அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.