சிரிப்பு ஷெரிஃபும் சீரியஸ் ரேஞ்சரும்

காட்டுப்பாக்கத்துக்கு வீடு மாறி வந்தபோது பிரிக்காமலே பரண்மேல் போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைப் போன வாரம் இறக்கினேன். உள்ளே பூராவும் லயன், முத்து காமிக்ஸ். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், பத்து வயசுக்காரன், ரெண்டே நாளில் பாதிப் பெட்டியைக் காலி பண்ணிவிட்டுக் கேட்டான்: "மாமா, செவ்விந்தியர்னா நம்ம இந்தியாக்காரங்களா? அவங்களே ஏன் எப்பவும் தோக்கறாங்க?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கொலம்பஸ் எங்கே வந்து இறங்கினோம் என்று தெரியாமல் வைத்த பெயரை நாமும் தமிழாக்கி வைத்திருக்கிறோம். ரெண்டாவது கேள்விக்குத்தான் பெட்டியை மறுபடி புரட்ட வேண்டியிருந்தது.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் கிளம்பின. இரும்புக்கை மாயாவி மாதிரியான பிரிட்டிஷ் ஆட்களைத் தொடர்ந்து கௌபாய்கள் வந்தார்கள். டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்களின் படைப்பு. லக்கி லூக், சிக்பில், கேப்டன் டைகர் மூவரும் பிரெஞ்சு மொழிக் காமிக்ஸிலிருந்து வந்தவர்கள். ஆக, நாம் பார்த்த அமெரிக்கா ஐரோப்பியர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான அமெரிக்கா. மூலத்தில் ப்ளூபெர்ரி என்ற லெப்டினன்ட்டாக இருந்தவருக்குத் தமிழில் 'கேப்டன்' என்று பிரமோஷனே கிடைத்தது!

அந்த நாளில் எங்களுக்கு டெக்ஸும் டைகரும்தான் சாப்பாடு. லக்கி லூக்கும் சிக்பில்லும் ஊறுகாய். இப்போது திரும்பப் படிக்கும்போது அந்த வரிசை தப்பென்று தோன்றுகிறது.

டெக்ஸ் சந்தேகப்பட்ட ஆளைப் பிடித்தால் முதலில் ஒரு குத்து, அப்புறம்தான் கேள்வி. அவர் ரேஞ்சர், அவர் சந்தேகம் அநேகமாகப் பொய்க்காது, அதனால் அந்தக் குத்தும் நியாயமாகிவிடுகிறது. நாங்களும் கை தட்டினோம். என்கவுன்ட்டர் செய்திக்குக் கை தட்டும் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று தேடினால், இந்தப் பெட்டிக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

சிக்பில் கதைகளிலும் நெஞ்சில் அதே நட்சத்திர பேட்ஜ்தான். ஆனால் அதைக் குத்தியிருப்பவர் ஷெரிஃப் டாக்புல். அவசரக்காரர், முன்கோபி, தன் தப்புக்கெல்லாம் டெபுடி கிட் ஆர்டின்மேல் எரிந்து விழுகிறவர். அதிகாரம் கையில் இருப்பவன் தப்பும் பண்ணுவான் என்பதைப் பத்து வயசில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த மனுஷன்தான். அப்போது வெறும் சிரிப்பென்று நினைத்தேன்.

லக்கி லூக்கின் டால்டன் சகோதரர்களும் அப்படித்தான். நிஜ டால்டன் கோஷ்டி 1892 அக்டோபரில் கான்ஸாஸின் காஃபிவில் ஊரில் ஒரே நேரத்தில் ரெண்டு பேங்கைக் கொள்ளையடிக்கப் போனது. அதுவும் தாங்கள் குடியிருந்த, முகம் தெரிந்த ஊரில், ஒட்டுத்தாடியோடு! ஊர்க்காரர்கள் துப்பாக்கியை எடுக்க, நாலு பேர் செத்து, எம்மெட் மட்டும் பிழைத்தான். ஓவியர் மோரிஸ் முதலில் இந்த நிஜக் கூட்டத்தையே கதையில் வைத்துக் கொன்றும்விட்டார். பிறகு கதாசிரியர் கோஸினி, அவர்களின் 'ஒன்றுவிட்ட சகோதரர்கள்' என்று ஜோ முதல் ஆவ்ரெல் வரை நாலு முட்டாள்களைக் கொண்டுவந்தார். சாகசக் கதை கொள்ளையனைப் பெரிய மூளைக்காரனாகக் காட்டும். காஃபிவில்லோடு ஒப்பிட்டால் நகைச்சுவைக் கதைதான் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் பையன் கேட்டது செவ்விந்தியர்களைப் பற்றி. அங்கே வந்ததும் என் வாதம் தலைகீழாகிறது.

சிரிப்புக் கதைகளில் அவர்கள் சாராயத்துக்கு மயங்குபவர்கள், சுலபமாக ஏமாறுபவர்கள். டாக்புல்லைப் பார்த்துச் சிரிக்கும்போது அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். இங்கே நிலத்தைப் பறிகொடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ரெண்டும் ஒரே சிரிப்பு இல்லை. மாறாக, சீரியஸ் கதைகள் இந்த இடத்தில் கணக்கைச் சரியாகவே எழுதுகின்றன. டெக்ஸின் நவஹோ மனைவி லிலித் சாவது அம்மைக் கிருமி பட்ட கம்பளியால். அதை விற்றவர்கள் வெள்ளைக்கார வியாபாரிகள். ப்ளூபெர்ரி தொடர் 1963-இல் ஆரம்பித்ததே, செய்யாத ஆள்கடத்தலுக்கு அப்பாச்சிகள்மேல் பழி விழுவதில். 1861-இல் லெப்டினன்ட் பாஸ்கம் அப்படி ஒரு பழியோடு தலைவர் கோச்சிஸைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடிக்கப் பார்த்தார். கோச்சிஸ் கூடாரத்தைக் கிழித்துத் தப்பினார். அதிலிருந்து மூண்ட சண்டை பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. கதையிலும் அந்த அதிகாரியின் பெயர் பாஸ்கம்தான்.

அப்படியும் சாகசத்துக்கு முழு மார்க் கொடுக்க முடியவில்லை. நவஹோக்களின் தலைவன் 'இரவுக் கழுகு' யார்? டெக்ஸேதான். அவர்களுக்குத் தலைமை தாங்கவும் வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வர வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பையனிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "தோத்ததாலதான் அவங்க கதையை அடுத்தவங்க எழுதறாங்க. அதனால கதையிலயும் தோக்கறாங்க." கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ அவங்க எழுதின காமிக்ஸ் இருக்கா மாமா?"

பெட்டியில் அடிவரை தேடினேன். ஒன்றுகூட இல்லை.