கோபுரத்தில் இறங்கும் தண்ணீர்

மும்பையில் மாதுங்காவிலோ தாராவியிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாராபோர்வாலா மீன்காட்சியகம் தெரியாமல் இருக்காது. தாதரில் வண்டி மாறி சர்னி ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. 1951இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தது. புதுப்பித்து 2015இல் மறுபடி திறந்தபோது, 12 அடி நீள அக்ரிலிக் சுரங்கமும் வந்து சேர்ந்தது. கூட்டம் மீனைப் பார்த்தது; என் கண் குழாய் எங்கே போகிறது என்று தேடியது. பெரிய தொட்டியின் அசல் கலை பின்கட்டில்தான் இருக்கிறது.

மீன் விடும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். 1890இல் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். இவற்றுக்குப் பிராணவாயுப் பசி அதிகம்: அம்மோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை முழுதாக மாற்ற நாலரை கிராமுக்கு மேல் வேண்டும். மும்பை வெயிலில் 30 டிகிரிக்குச் சூடேறிய நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதாவது, அந்த ஒரு கிராமுக்கு 600 லிட்டர் தண்ணீரின் பிராணவாயு மொத்தமும் போய்விடும். கடல்நீரில் கையிருப்பு இன்னும் குறைவு.

ஏர் ஸ்டோன் போட்டால் தீராதா என்பார்கள். வீட்டுத் தொட்டியின் ஆழத்தில் குமிழி ஏறும் நேரத்துக்குள் அதிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அது மேற்பரப்பைக் கலக்கிவிடுவதால் வரும் லாபமே பெரிது. பாக்டீரியாவைக் காற்றுக்கே கொண்டுபோய்விட்டால் என்ன என்று யோசித்தவர்கள் கழிவுநீர்ப் பொறியாளர்கள். கல் அடுக்கின் மேல் தண்ணீரைச் சொட்டவிடும் அவர்கள் முறைதான் பிற்பாடு மீன் தொட்டிக்கும் வந்தது. தொட்டியிலிருந்து வழியும் நீர் துளைத்தட்டில் விழுந்து, பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டைகளின் மேல் மெல்லிய படலமாக இறங்கி, அடியிலுள்ள சம்ப்பில் சேரும். பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். இந்த அமைப்பைத்தான் கோபுரம் என்கிறேன். பயோ பால் தண்ணீரில் மூழ்கியிருக்காது, நனைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயு, ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். நுட்பம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

நல்ல கோபுரத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஓட்டுக்கூரையில் விழும் தூறல் போல் ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் குழாய் திறந்த மாதிரி கொட்டினால் மற்ற பக்கம் காய்ந்து கிடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மீன் தீனி போய்த் துளையை அடைத்திருக்கும். முன்னால் ஒரு ஸ்பாஞ்ச் வைக்காதவர் கோபுரம் கட்டத் தகுதியில்லாதவர் என்பது என் கட்சி. அடுத்தது மூக்கு. ஈர மண்வாசனை என்றால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எங்கோ காற்றுப் போகவில்லை. அழகுக்காக மூடி போட்டு நாலு பக்கமும் சிலிக்கோன் பூசி அடைத்தவற்றைப் பார்த்தால் வயிறு எரியும்.

பயோ பாலை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்பதும் இல்லை. மின்கம்பி ஓட்டும் பிவிசி குழாயைத் துண்டுபோட்டாலும், பிளாஸ்டிக் பாத்திரம் தேய்ப்பானைப் போட்டாலும் பாக்டீரியா குடியேறும். பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் பேர்போன தாராவி 13 காம்பவுண்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசாயனமோ எண்ணெயோ பட்ட பிளாஸ்டிக்கை மட்டும் தொடக் கூடாது.

குறையும் உண்டு. நைட்ரேட் இதில் குவிந்துகொண்டே போகும். பவளம் வளர்ப்பவர்கள் உயிர்ப்பாறைக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கும் மாறியது நியாயம்தான். அரவானா, கோய் போன்ற பெருந்தீனிக்காரர்களுக்கு என் ஓட்டு இன்னும் கோபுரத்துக்கே. ஏப்ரல், மே மாதங்களில் ஆவியாவதால் தண்ணீர் கொஞ்சம் குளிரவும் செய்யும். மழைக்காலப் புழுக்கத்தில் அந்தச் சலுகை கிடைக்காது.

2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுக்க மின்சாரம் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் உள்ள பாக்டீரியா தேங்கிய நீரின் பிராணவாயுவைத் தின்று தீர்த்துவிட்டுத் திணறத் தொடங்கும். கோபுரத்தில் இருப்பவை ஈரம் காயும்வரை காற்றை உண்டு பிழைத்திருக்கும். தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு அவ்வப்போது துளைத்தட்டில் ஊற்றினால் போதும், மீனுக்கும் மூச்சு கிடைக்கும்.