உப்பில்லாத கீரை

சென்ற ஐப்பசியில் மரக்காணத்தில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று நாள் மழைக்கு அகப்பட்டுக்கொண்டேன். உப்பளப் பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீர். இனித் தை வரைக்கும் யாருக்கும் வேலை இல்லை. பொழுது போகாமல் ரொமேஷ் ரங்கநாதனின் மேடைப் பேச்சைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் உப்பு வாரிய நண்பரின் தாயார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தகப்பனார் ஜெயிலுக்குப் போனதைச் சொல்லி இவர் ஜனங்களைச் சிரிக்கவைக்கிறார் என்று விளக்கினேன்.

"ஏந் தம்பி, அவங்கம்மா இருக்காங்களா?"

இருக்கிறார் என்றேன்.

"இதைக் கேட்டுக்கிட்டா இருக்காங்க?"

எனக்குத் தெரிந்து ரொமேஷைப் பற்றி இதைவிடப் பொருத்தமான விமரிசனக் கேள்வி இல்லை.

இலங்கையிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில், 1978-இல் க்ராலி என்ற ஊரில் பிறந்தவர் ரொமேஷ். தாம் படித்த பள்ளியிலேயே கணக்கு வாத்தியாராக இருந்தார். சிறு வயதில் தகப்பனார் மோசடி வழக்கில் சிறைக்குப் போக, வீடு கையை விட்டுப் போயிற்று; தாயும் பிள்ளைகளும் சில காலம் ஒரு விடுதி அறையில் குடித்தனம் செய்தார்கள். 2018-இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

மரக்காணத்தில் இருந்ததாலோ என்னவோ, எனக்குச் சிறுபாணாற்றுப்படை ஞாபகம் வந்தது. அதில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், தன் வீடு முன்பு இருந்த இருப்பைச் சொல்கிறான். மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புப் போட வழியில்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படக் கூசி வாசற்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இந்தக் கரை வழியே போகிற பாட்டில் உப்பில்லாத சமையல்! அவள் சாத்திய கதவை அவன் வழியில் கண்டவனுக்கெல்லாம் திறந்து காட்டுகிறான். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற கலைஞனுக்கு அன்றைக்கும் அதுதான் மூலதனம். அவளைக் கேட்டுக்கொண்டு செய்தானா என்று நத்தத்தனார் சொல்லவில்லை.

ரொமேஷ் அம்மாவையே சபைக்குக் கூட்டிவந்துவிட்டார். 2015-இல் பி.பி.சி.யில் வந்த 'ஏஷியன் ப்ரொவோகேட்டர்' தொடரில், பிள்ளை வேரை மறந்துவிட்டான் என்று தாயார் சாந்தி அவரை இலங்கைக்கு அனுப்புகிறார். அடுத்த வருஷத் தொடரில் அம்மாவும் கூடவே அமெரிக்கா போகிறார். பெற்றோரின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவது, குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு மிகவும் மலிவாகக் கிடைக்கிற சரக்கு. இங்கே அம்மா திருப்பி அடிக்கிறார். அசடு வழிவது மகன்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையான அஸீஸ் அன்சாரியும், 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் (2015) சொந்தத் தாய் தகப்பனையே நடிக்கவைத்தார். அருமையான காரியம். ஆனால் அங்கே மகன் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். கும்பிடுகிற கையால் ஹாஸ்யம் செய்வது கஷ்டம்.

பிற்பாடு ரொமேஷ் தேசம் தேசமாகத் தனியே சுற்றிய தொடருக்கு 2020-இல் பாஃப்டா பரிசு கிடைத்தது. எனக்கு அது அவ்வளவாக ருசிக்கவில்லை. பயந்தவராக அவர் நடிப்பது பழகிப்போய்விடுகிறது; எதிரே மடக்குவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் நண்பரின் தாயாருக்கு சாந்தி அம்மாள் வருகிற பகுதியைப் போட்டுக் காட்டினேன். பாஷை ஒரு வார்த்தை தெரியாது. மகன் முகம் தொங்கிப்போன இடத்தில் சரியாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, உள்ளே இருந்த பிள்ளையின் காதில் விழும்படியாக என்னிடம் சொன்னார்:

"போன மழைக்கு அடகு வெச்ச தோடு, தம்பி, இன்னும் மூட்டல."