சிறு மேசையும் எஞ்சிய நேரமும்: நிலைப்பொருள் ஓவியம் பற்றிய ஒரு மறுநோக்கு

கலை இலக்கியத் திறனாய்விற் பொருள்முதல்வாத நோக்கைக் கைக்கொள்வோர் நிலைப்பொருள் ஓவியத்தை இரண்டு வாக்கியங்களிற் கடந்துவிடுவது வழக்கம். கிண்ணம், போத்தல், பழம், ரொட்டி என்பவற்றை மேசைமீது அடுக்கி வரையப்படும் இவ்வோவியத்தில் மனிதன் இல்லை. மனிதன் இல்லாதவிடத்து வர்க்கமும் வரலாறும் இல்லை என்பது முதலாவது. தைலவர்ணம் என்னும் ஊடகமே உடைமைகளைக் கைக்கெட்டும் பொருளாகக் காட்டி, உடையவனை மகிழ்விக்க வளர்ந்தது என்பது இரண்டாவது. இவ்விரண்டாவது கருத்தினைப் பரவலாக்கியவர் ஜோன் பேர்ஜர். 1972 இல் வெளிவந்த ‘பார்க்கும் வழிகள்’ என்னும் அவரது நூல் எம்போன்றோர்க்கு ஒரு தலைமுறைக் காலம் கைவிளக்காக இருந்தது.

பாடசாலையிற் கற்பிக்கும் நண்பரொருவர் பல ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பின்னர், உள்ளங்கையிலும் சற்றே பெரிதான ஹார்ட்போட் துண்டொன்றில், வீட்டிலுள்ள ஏதேனுமொரு பாத்திரத்தைத் தைலவர்ணத்தில் தீட்டி வருகின்றார். அவற்றை அவர் எனக்குக் காட்டியபோது மேற்கூறிய இரு வாக்கியங்களையும் சற்று நீட்டிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “நான் எதை வரைகிறேன் என்பதைப் பற்றி இவ்வளவு சொன்னீர். அதற்கு எனக்கு எங்கிருந்து நேரம் வருகிறது என்று நீர் கேட்கவில்லையே” என்று மட்டுங் கூறினார். மார்க்சியவாதியொருவன் முதலிற் கேட்டிருக்கவேண்டிய வினா அது. அதனைக் கேட்கத் தவறியமைக்கான பதிலாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நிலைப்பொருள் ஓவியம் சிறிதாயிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமொன்று உண்டு. தைலவர்ணம் மெல்லவே உலர்வது. ஈரம் உலருமுன் ஈரத்தின்மீதே தீட்டி முடிப்பதாயின் ஒரே அமர்விற் படம் நிறைவெய்த வேண்டும். மறுநாள் வர்ணத்தின் மேற்பரப்பில் ஆடை படர்ந்திருக்கும், சாளரத்து ஒளி இடம் மாறியிருக்கும், பழமும் வாடியிருக்கும். எனவே தன் ஒரு நாளைக்குள் அடங்கும் பரப்பையே ஓவியன் தெரிந்தெடுக்கின்றான். ஆயின் அந்த ‘ஒரு நாள்’ யாருடையது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பன தொழில்நுட்பம் சார்ந்த வினாக்கள் அல்ல.

17 ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தில் இவ்வோவியம் தனித்துறையாக வளர்ந்தபோது, ஓவியன் பெரும்பாலும் முகமறியாக் கொள்வோனுக்காகவே உற்பத்தி செய்தான். திருச்சபையோ அரசவையோ முன்கூட்டிக் கேட்ட படங்களுக்கு மேலாகச் சந்தைக்கென ஆக்கப்பட்ட படங்கள் பெருகின. அக்காலத்து ஓவியச் சந்தையை ஆராய்ந்த பொருளியல் வரலாற்றாளர் ஜோன் மைக்கல் மொண்டியாஸ், நிறங்களைக் குறைத்து விரைவாகத் தீட்டும் பாணி உழைப்பு நேரத்தையும் விலையையும் குறைத்து, வாங்குவோர் தொகையைக் கூட்டியது என 1980களில் எடுத்துக்காட்டினார். அழகியலாளர் ‘அடக்கம்’ எனப் போற்றும் சாம்பலும் மண்ணிறமும் ஓரளவுக்கேனும் செலவுக் கணக்கின் விளைவு என்பது எமக்கு உவப்பான செய்தியே. எனினும், பாணியைச் செலவுக் கணக்காகச் சுருக்கிவிட்டு எழுந்து செல்வது சோம்பேறித்தனம். ஒரே விலைக்கு விற்ற இருவரின் படங்கள் ஏன் ஒன்றாயில்லை என்பதற்கு அக்கணக்கில் விடை இல்லை.

பீட்டர் கிளாஸ் 1627 இல் தீட்டிய விருந்து மேசை ஆம்ஸ்டர்டாம் அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் ஓரத்தில், பஞ்சாங்கத் தாளொன்றைச் சுருட்டிய காகிதச் சரையில் மிளகு கிடக்கின்றது. வரலாறு இல்லை என்று நாம் சொல்லும் மேசையில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அச்சரைக்குள் அடங்கியிருக்கின்றது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1796 வரை எம் கரையோரங்களை ஆண்ட அதே கம்பனிதான். மிளகைப் பறித்த கையையோ, கறுவாவை உரித்த கையையோ அம்மேசை காட்டாது. உழைப்பை மறைத்துப் பொருளை மட்டுங் காட்டுவது பண்டத்தின் இயல்பு. பேர்ஜரின் விமர்சனம் இவ்விடத்துக்கு முற்றும் பொருந்தும்.

கம்பனியின் சீலாந்து மன்றம் இயங்கிய மிடில்பேர்க் நகரிலேயே அத்ரியான் கூர்ட்டே என்பவரும் வாழ்ந்தார். 1683 முதல் 1707 வரையான திகதிகள் அவரது படங்களிற் காணப்படுகின்றன. வெள்ளித் தட்டுகளோ சீனத்துப் பீங்கானோ இன்றி, கல்விளிம்பொன்றின்மீது ஒரு கட்டு அஸ்பரகஸ் தண்டு, சில கூஸ்பெரிப் பழங்கள், ஒரு கிண்ணம் ஸ்ட்ரோபெரி என்பவற்றையே மீண்டும் மீண்டும் தீட்டினார். 1697 இல் வரைந்த அஸ்பரகஸ் படம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமே கொண்டது. தாளில் தீட்டிப் பலகையில் ஒட்டப்பட்டது. ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகாமற் படம் விற்றமைக்காக அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டதாக 1690களின் பதிவொன்று உண்டு. சங்கத்துக்கு வெளியே நின்றவன், விலையுயர்ந்த பொருளை மேசையிலிருந்து அகற்றினான். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா என நிறுவ இயலாது. ஆனால் அந்தக் கட்டினை நோக்குவோர்க்கு, உடைமையைக் காட்சிப்படுத்தும் கலை என்னும் சூத்திரம் போதாது என்பது புலனாகும்.

பிரான்சின் கல்விக்கழகம் இவ்வகை ஓவியத்தைப் படிநிலையின் அடியில் வைத்தமையும், 1728 இல் அக்கழகத்துட் புகுந்த ஷார்தான் செப்புப் பாத்திரத்தையும் நீர்க் குவளையையும் கொண்டே டிடரோவின் பாராட்டைப் பெற்றமையும் பலரும் அறிந்தவை. மன்னர்களையும் தேவர்களையும் உச்சியில் வைத்த அப்படிநிலை நிலமானிய மதிப்புகளின் படிநிலையே. ‘மனிதன் இல்லாத படம் தாழ்ந்தது’ என்று கூறும்போது முற்போக்காளராகிய நாமும் அதே ஏணியைத்தான் வேறொரு சுவரிற் சார்த்துகிறோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

இனி ஜோர்ஜியோ மொராண்டி. 1890 இல் இத்தாலியின் பொலோனியா நகரிற் பிறந்து 1964 இல் அங்கேயே இறந்தவர். ஃபொண்டாட்சா வீதி வீட்டில், படுக்கையறையாகவும் பணியறையாகவும் பயன்பட்ட ஒரே அறையில், ஒரே தொகுதிப் போத்தல்களையும் சாடிகளையும் தகரப் பேணிகளையும் பல பத்தாண்டுகள் தீட்டினார். அவரது தைலவர்ணப் படங்கள் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்டவை; பெரும்பாலானவை கைப்பெட்டியொன்றினுள் அடங்கும் அளவினவே. போத்தல்களின் ஒட்டுத்தாள்களை அகற்றினார். சிலவற்றின் உட்புறத்தே வர்ணத்தை ஊற்றிப் பளபளப்பை ஒழித்தார். தூசி படிய விட்டார். பொருள் நின்ற இடத்தை அடியிலிருந்த தாளிற் கோடிட்டுக் குறித்துக்கொண்டார். பொருள்களை ஒழுங்கு செய்வதற்கு நாட்கள், சிலவேளை வாரங்கள் சென்றன. தீட்டுவதற்கோ சில மணி நேரமே போதுமாயிருந்தது.

ஒட்டுத்தாளை அகற்றும் செயலைக் கூர்ந்து நோக்கவேண்டும். பண்டத்தின் பெயரும் வணிகச் சின்னமும் போனபின் எஞ்சுவது பரிவர்த்தனைப் பெறுமதி நீங்கிய ஒரு வடிவம். உள்ளே வர்ணம் ஊற்றப்பட்ட போத்தலில் எதனையும் ஊற்றி வைக்க இயலாது; எனவே பயன்பாட்டுப் பெறுமதியும் நீங்கிவிடுகின்றது. பின்னர் அங்கு நிகழ்வது பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு மட்டுமே. ஒரு சாடியின் விளிம்பு அடுத்த பேணியின் விளிம்பாகவும் இருக்கும். எதன் எல்லை எது எனக் கூற இயலாது. தனிப்பொருளை உடைமையாக்கிக் காட்டும் ஓவியத்துக்கு இது நேர்மாறு. இதனைக் கண்டுகொள்ளாத மார்க்சியத் திறனாய்வு தன் கருவிகளையே பயன்படுத்தத் தவறுகின்றது என்பேன்.

ஆனால் தூய அழகியல்வாதிகள் வரைந்து வைத்திருக்கும் துறவியின் உருவத்தை நான் ஏற்பதற்கில்லை. பாசிச ஆட்சியின்கீழ், கிராமிய இத்தாலியைப் போற்றிய ‘ஸ்ட்ராபயேசே’ குழுவினரோடு மொராண்டி தொடர்புற்றிருந்தார். அவர்களே அவரைத் தொடக்கத்தில் உயர்த்திப் பிடித்தனர். 1928 இல் பொலோனியாவின் பாசிசப் பத்திரிகையொன்றில் வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்பிற் பாசிசத்தின்மீது தமக்கிருந்த நம்பிக்கையை அவர் வெளியிட்டார். 1930 இல் போட்டித் தெரிவின்றி நுண்கலைக் கழகத்திற் செதுக்கோவியப் பேராசிரியரானார்; 1956 வரை அப்பதவியில் இருந்தார். 1943 இல் பாசிச எதிர்ப்பாளருடன் கொண்ட தொடர்பினாற் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார் என்பதும் உண்மையே. அதன்பின் போர்க்காலத்தின் ஒரு பகுதியை அவர் கிறிட்சானா என்னும் மலையூரிற் கழித்தார். 1944 செப்ரெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் நாசிப் படையினர் 700 க்கும் மேற்பட்ட குடிமக்களைக் கொன்று குவித்த மொந்தே சோலேப் பகுதி, அவ்வூராட்சியின் எல்லைக்குள்ளும் பரந்தது. அப்படுகொலை எந்தப் படத்திலும் இல்லை. போத்தல்களே உள்ளன.

இந்த மௌனத்தை என்ன செய்வது? கொடுமையின் நடுவே அழகைக் காத்தார் என்று புகழ்வோரும் உளர். அந்தப் புகழ்ச்சி எனக்கு அருவருப்பைத் தருகின்றது. மௌனமே குற்றம் எனத் தீர்ப்பளிப்பதும் எளிது. பெரும் அழிவுகளுக்கு அருகில் வாழ்ந்தவர்கள் எவற்றை எழுதினார்கள், எவற்றை எழுதவில்லை என்பதை நாம் அறிவோம். அதனால் அத்தீர்ப்பை வழங்க எனக்கு நா எழவில்லை. மொராண்டியின் படம் அப்படுகொலையைப் பற்றி எமக்கு எதனையும் அறியத் தராது. அந்த இழப்பைப் படத்தின் கணக்கில் எழுதவே வேண்டும். அதன்பின்னரும் படம் அறியத் தருவது சிறிது உண்டு.

போருக்குப் பிந்திய பொலோனியா பொதுவுடைமைக் கட்சியின் நகராட்சியாக இருந்தமை இவ்விடத்து நினைவுகூரற்பாலது. 1948 இல் அங்கு நடைபெற்ற சமகால ஓவியக் கண்காட்சியைக் கட்சித் தலைவர் தோலியாட்டி ‘ரினாஷித்தா’ ஏட்டிற் புனைபெயரிற் கடுமையாகச் சாடினார். யதார்த்தவாதம் பற்றிய பெரும் விவாதம் அதனோடு சூடுபிடித்தது. மொராண்டி தமது அறையில் இருந்தார். அவரை வாங்கியோர் யார் என்பதை விவாதக் கட்டுரைகளினும் ஒரு திரைப்படம் நன்கு காட்டுகின்றது. 1960 இல் வந்த ஃபெலினியின் ‘லா தோல்ச்சே வீத்தா’வில், ஸ்டைனர் என்னும் பண்பட்ட அறிவாளியின் வரவேற்பறையில் மொராண்டியின் படம் தொங்குகின்றது, அவன் அதனை வியந்து பேசுகிறான். பின்னர் தன் இரு குழந்தைகளையும் கொன்று தானும் இறக்கிறான். பூர்ஷ்வாவின் அமைதி எவ்வளவு மெல்லிய தோல் என்பதை ஃபெலினி அறிந்திருந்தார்.

நண்பரின் வினாவுக்கு இங்குதான் விடையின் ஒரு பகுதி கிடைக்கின்றது. மொராண்டிக்குப் பேராசிரியர் ஊதியம் இருந்தது. மணமாகாத மூன்று சகோதரிகள் அவருடன் வாழ்ந்து வீட்டைக் கவனித்தனர். அடுப்படியிலிருந்து மேசைக்கு வந்த பாத்திரத்தைப் பற்றி நூல் நூலாக எழுதியோர் அடுப்படியைப் பற்றி ஒரு பந்தியோடு நிறுத்திக்கொண்டனர். வாரக்கணக்கிற் பொருள்களை நகர்த்திப் பார்க்கும் ஓய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதனின் சுதந்திரத்துக்கு வேலைநாளின் குறுக்கம் அடிப்படை நிபந்தனை என மார்க்ஸ் கண்டது கலைக்கும் பொருந்தும். ஒருவரின் வேலைநாள் குறுகுவதற்கு இன்னொருவரின் வேலைநாள் நீள்வதுண்டு.

இதன் மறுமுனையை அமெரிக்காவிற் காணலாம். 2004 டிசெம்பரில் வெர்ஜீனியாவைச் சேர்ந்த டுவேன் கைசர் நாளுக்கொரு சிறு தைலவர்ணப் படம் தீட்டி இணைய ஏலத்தில் விற்கத் தொடங்கினார்; தபாலட்டை அளவில் முட்டை, பழம், கோப்பை என்பன. ஓவியக்கூடத் தரகரை ஒதுக்கிவிட்ட இம்முறையை மிகப் பலர் பின்பற்றினர். இதனை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. சில படங்கள் கண்ணுக்கு நல்லவை. ஆயின் ஒல்லாந்து ஓவியன் படத்தின் நேரத்தைக் குறைத்தான். இங்கோ நாளே விற்பனை அலகாகிவிட்டது. கூலிகளுள் முதலாளித்துவத்துக்கு மிகப் பொருத்தமானது துண்டுக்கூலி என்பது ‘மூலதனம்’ கூறுவது. மேற்பார்வையாளன் தேவையில்லை, உழைப்பவன் தன்னைத்தானே விரட்டிக்கொள்வான்.

நண்பர் எதனையும் விற்றதில்லை. அவரது துண்டுகள் அவ்வளவில் இருப்பது, பாடக்குறிப்பும் வீட்டுவேலையும் முடிந்தபின் எஞ்சுவது அவ்வளவே என்பதனால். கேட்டுக்கொண்டதற்கிணங்க அவற்றைத் திகதிவாரியாக மேசைமீது பரப்பினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் திகதி இடப்பட்டிருந்தது. விடைத்தாள் திருத்தும் வாரங்களிற் படமே இல்லை. அதே எவர்சில்வர்ச் செம்பு பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றது. 2022 இன் மின்வெட்டு மாதங்களில் அதன் நிழல் விளக்கொளிக்குரியதாய் நீண்டு ஆடுகின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து செம்பின் விளிம்பில் நீலம் காணப்படவில்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலே அதனிடத்தில் நிற்கின்றது. குழாய் தீர்ந்துவிட்டது, புதிது வாங்கும் விலையில் இருக்கவில்லை என்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத் துண்டொன்றில் நீலம் திரும்புகின்றது, மிக மெல்லியதாக, செம்பின் வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்.