வெண்கட்டி வட்டமும் பிரிந்த பெற்றோரும்

பேர்டோல்ட் பிரெக்ட், அமெரிக்காவில் புகலிடம் பெற்றிருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டு எழுதிய ‘கோகேசிய வெண்கட்டி வட்டம்’ எமது நாட்டுக்குப் புதியதன்று. 1967இல் ஹென்றி ஜயசேன அதனை ‘ஹுணுவட்டயே கதாவ’ என்ற பெயரிற் சிங்கள மேடைக்குக் கொணர்ந்தார். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைகளைக் குறித்து நடத்தும் வழக்குகளை மனத்திற் கொண்டு நோக்கின், இந்நாடகத்தின் பிறிதொரு பொருள் எமக்குப் புலனாகும்.

கதை யாவரும் அறிந்ததே. கலகத்தில் ஆளுநன் கொல்லப்பட, அவன் மனைவி தன் ஆடைகளைத் தெரிவதிற் கருத்தூன்றி, மகன் மைக்கேலை விட்டு ஓடுகின்றாள். பணிப்பெண் குருஷா அவனைக் காத்து வளர்க்கின்றாள். கலகம் ஓய்ந்தபின் ஈன்றவள் பிள்ளையைக் கோருகின்றாள். ஆளுநனின் சொத்து அப்பிள்ளையோடு பிணைந்திருப்பதே காரணம். நீதிபதி அஸ்டாக் நிலத்தில் வட்டமிட்டு, பிள்ளையை அதனுள் நிறுத்தி, இருவரையும் இழுக்கப் பணிக்கின்றான். பிள்ளைக்கு நோகுமென்று குருஷா இருமுறையும் கையை விட்டுவிடுகின்றாள். அதனாலேயே பிள்ளை அவளுக்குரியவனாகின்றான்.

மேடையிற் கையை விட்டவள் வென்றாள். வாழ்க்கையிலோ, விட்டுக்கொடுத்தால் பிள்ளையை இழந்துவிடுவோம் என்ற அச்சம் தாய், தந்தை இருவரையும் இழுக்கவே தூண்டுகின்றது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சோரம், தீய எண்ணத்தோடு கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத மலட்டுத்தன்மையன்றி உடலுறவுக்கு இயலாமை ஆகியவற்றையே மணமுறிவுக்குக் காரணங்களாக வகுத்தது. ஒருவர்மீது குறை நாட்டப்படாமல் மற்றவர் விடுதலை பெறுதல் அரிது. முன்னேற்ற அறிக்கையில் யாரிடம் கையொப்பம் பெறுவது என்றறியாது மேசையருகே தயங்கி நிற்கும் மாணவனை ஆசிரியராகிய நாம் அறிவோம். வட்டத்தின் நடுவே நிற்பவன் அவனே.

இதற்கு மாற்று உண்டா? பிரெக்ட் அதனையும் காட்டியுள்ளார். மேடையேற்றுவோர் பலர் நீக்கிவிடும் முன்காட்சியில், இரு கூட்டுப் பண்ணையினர் ஒரு பள்ளத்தாக்கிற்கு உரிமை கோருகின்றனர். ஆடு வளர்ப்போர் முன்னர் அங்கு வாழ்ந்தவர்கள். பழச் செய்கையாளரிடம் நீர்ப்பாசனத் திட்டமொன்று உண்டு. தலைநகரிலிருந்து பிரதிநிதி ஒருவர் வந்திருப்பினும் அவர் தீர்ப்புக் கூறவில்லை. ‘நிலம் யாருடையது?’ என்று தொடங்கிய வாதம் ‘நிலத்திற்கு எது நன்று?’ என்பதில் முடிகின்றது. குடும்ப மத்தியஸ்தத்தின் இயல்பும் இதுவே. மத்தியஸ்தர் குற்றவாளியைத் தேடுவதில்லை. பிள்ளை எங்கு வாழ்வது, விடுமுறையை எவரோடு கழிப்பது, பராமரிப்புச் செலவை எவ்வாறு பகிர்வது என்பவற்றைப் பெற்றோரே பேசி முடிவுசெய்ய அவர் துணைநிற்கின்றார்.

ஆயினும், எல்லாப் பிணக்குக்கும் இதுவே மருந்தென்று கூறுவோரோடு நாம் உடன்படோம். பண்ணையினர் இருசாராரும் சமநிலையினர். குருஷாவையும், வழக்கறிஞர் சூழ வந்த ஆளுநன் மனைவியையும் ஒரே மேசையில் அமர்த்தியிருந்தால், சமரசம் என்ற பெயரில் எவள் பிள்ளையை இழந்திருப்பாள்? அடியுண்ட மனைவியையும் அடித்த கணவனையும், ஊதியமற்றவளையும் சொத்துடையவனையும் ‘பேசித் தீருங்கள்’ என்று விடுவது வலியவன் கையில் நீதியை ஒப்படைப்பதாகும். அங்கே சட்டத்தின் காவல் வேண்டும். சமமானோரிடையே பேச்சையும், சமமற்றோரிடையே நீதிபதியையும் வைத்த பிரெக்டின் நுண்மை இங்கேதான் விளங்குகின்றது.

நாடக முடிவில் அஸ்டாக் மறைந்துபோகின்றான். அவனைப் போன்ற நீதிபதி தற்செயலாகவே வாய்ப்பான். தற்செயலை நம்பி எமது பிள்ளைகளை வட்டத்துள் நிறுத்த முடியாது. பெண்ணுக்குத் தொழிலும் ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் உறுதியாகும்போதே பெற்றோர் இருவரும் சமமாக ஒரு மேசையில் அமர முடியும். அந்நாளில் வெண்கட்டி வகுப்பறைக் கரும்பலகைக்கு மட்டுமே பயன்படட்டும்.