முகங்கள் பல, அகம் எங்கே?

உறங்கி விழிக்கும் ஒவ்வொரு காலையிலும் வேறொரு முகம், வேறோர் உடல். நேற்று கட்டிளங்காளை, இன்று நரை திரண்ட மூதாட்டி, நாளை பள்ளிச் சிறுவன், மறுநாள் அயல்நாட்டான் ஒருவன். உள்ளே துடிக்கும் நெஞ்சம் மட்டும் ஒன்றே. இத்தகைய ஒருவன்மீது ஒரு பெண் அன்பு கொள்வாளாயின், அவள் எதன்மீது அன்பு கொள்கிறாள்?

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தென்கொரியத் திரையரங்குகளுக்கு வந்த ‘தி பியூட்டி இன்சைட்’ என்னும் படம் எழுப்பிய கேள்வி இதுதான். உள்ளிருக்கும் அழகு என்பது பெயரின் பொருள். அழகுச் சிகிச்சை நிலையங்கள் தெருத்தெருவாய் நிறைந்த சோல் நகரத்திலிருந்து, வேலைக்கான விண்ணப்பத்திலும் புகைப்படம் ஒட்டி அனுப்புவதை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்த நாட்டிலிருந்து இக்கேள்வி பிறந்தது என்பதை எண்ணும்போது அதன் கனம் இன்னும் கூடுகிறது. ஆயினும் படம் முடிந்து எழும்போது, பாதிக் கிணறு தாண்டிய ஒருவனைக் கண்ட உணர்வே நமக்கு மிஞ்சுகிறது.

இயக்குநர் பெக் ஜோங்-யோல் விளம்பரப் பட உலகிலிருந்து வந்தவர். இது அவருடைய முதல் திரைப்படம். கதையின் மூலமும் விளம்பரமே. 2012இல் இன்டெல், தோஷிபா என்னும் இரு நிறுவனங்கள் தம் பொருளை மக்கள் மனத்தில் பதியவைக்க அமெரிக்காவில் எடுத்த குறுந்தொடர் ஒன்றைத்தான் இவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான காதற்கதையாக விரித்திருக்கிறார். விளம்பரத்தின் இயல்பு பளபளப்பு. அந்தப் பளபளப்பு படத்தை விட்டு இறுதிவரை அகலவில்லை.

கதைத் தலைவன் ஊ-ஜின் மேசை நாற்காலிகளை வடிவமைத்துச் செய்யும் கலைஞன். 18ஆம் வயதில் தொடங்கிய இந்த விந்தை, அவனை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. உண்மை அறிந்தவர் இருவர்: அவனுடைய தாயும், சாங்-பெக் என்னும் நண்பனும். அளவுக்கொன்றாய் உடைகளும் காலணிகளும் அவன் வீட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தனக்கென நிலையான உடல் இல்லாதவன், பிறர் உடல்கள் அமர்ந்து இளைப்பாறுவதற்கு இருக்கை செய்கிறான் என்னும் கற்பனை எத்துணை நயமானது! இயக்குநர் அதை நம் முன் வைத்துவிட்டு, ஏனோ மேலே செல்லாமல் கடந்து போகிறார்.

மரச்சாமான் கடையொன்றில் பணிபுரியும் ஈ-சூ என்னும் பெண்ணை ஊ-ஜின் காண்கிறான். அவளாக நடித்திருக்கும் ஹான் ஹியோ-ஜூவின் அமைதியான நடிப்பு படத்தின் பெரும் பலம். நாள்தோறும் வெவ்வேறு முகத்துடன் அவன் அக்கடைக்குச் செல்கிறான். எல்லாரிடமும் ஒரே கனிவுடன் பேசுகிறாள் அவள். ஊ-ஜினாக 20க்கும் மேற்பட்ட நடிகர் நடிகையர் மாறிமாறித் தோன்றியும் நமக்குக் குழப்பம் நேராததற்குப் படத்தொகுப்பாளர் யாங் ஜின்-மோவின் திறனே காரணம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ‘பாராசைட்’ படத்தைத் தொகுத்தவரும் அவரே.

இனி நம் வழக்குக்கு வருவோம். அவளை வெளியே அழைத்துச் செல்ல ஊ-ஜின் எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறான்? பார்க் சியோ-ஜூன் என்னும் அழகிய நடிகரின் முகம் வாய்த்த நாளை. அந்த முகத்தை இழக்க மனமின்றிக் கண் துஞ்சாமல் நாள்களைக் கடத்துகிறான். இதில் குறையில்லை, மனித இயல்பு அதுதான். அவனே தன் முகத்தை நம்பி அன்பைக் கேட்கிறான் என்பதில் கூர்மையான உண்மை ஒன்றும் இருக்கிறது. ஆனால் படமும் அதே தந்திரத்தைக் கைக்கொள்வதை எவ்வாறு ஏற்பது? உண்மை வெளிப்பட்ட மறுநாட் காலை அவள் காணும் முகம் லீ ஜின்-உக்குடையது. அவரும் எழில் மிக்கவரே. அன்பு தளிர்க்கும் தருணங்கள் பெரும்பாலும் கட்டழகர்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. வழுக்கைத் தலையரும் பருத்த உடலினரும் வரும்போது அரங்கில் சிரிப்பு எழவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பெண்முகம் பூண்ட நாள்களில் அவன் தோழியாகிவிடுகிறான். உள்ளழகைப் பாட வந்த படம் புறவழகின் தயவிலேயே மூச்சு விடுகிறது!

லைலாவைப் பற்றிய பழங்கதை ஒன்றை நம் வாசகர்கள் அறிவர். மௌலானா ரூமியும் தம் மஸ்னவியில் அதை எடுத்தாண்டிருக்கிறார். இவளுக்காகவா ஒருவன் பித்தனாகித் திரிகிறான் என்று வியந்த கலீஃபா, மற்றப் பெண்களினும் உன்னிடம் அப்படி என்ன மிகுதி என்று லைலாவையே கேட்கிறார். நீர் மஜ்னூன் அல்லவே என்னும் பொருள்பட அவள் விடை பகர்கிறாள். மஜ்னூனின் கண்ணை நமக்குத் தருவதாகச் சொல்லி அழைத்த இப்படத்தின் காமிரா, கலீஃபாவின் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. விரும்பத்தக்க முகத்தை நம் முன் நிறுத்திவிட்டு, முகம் முக்கியமில்லை என்று நம்மிடம் கூறுகிறது.

பிற்பாதியில், ஈ-சூவின் துயரம் தொடங்கும் இடத்தில் மட்டும், படம் தன் வாக்கை நினைவுகூர்கிறது. கூட்டத்தின் நடுவே நிற்கும் அவளுக்குத் தன் காதலன் யார் என்று தெரியாது. அவனாக வந்து கையைப் பற்றும்வரை எதிர்ப்படும் ஒவ்வொருவரும் அவனாக இருக்கலாம். எவரும் அவனல்லாமலும் இருக்கலாம். நாளுக்கோர் ஆடவனுடன் திரிகிறாள் என்று உடன் பணிபுரிவோர் முணுமுணுக்கின்றனர். உறக்கம் கெடுகிறது, மருந்தை நாடுகிறாள். விந்தை அவனுடையது, சுமை அவளுடையது என்னும் உண்மை இங்கே சுடுகிறது. ஒருவரை நேசிப்பதென்பது அவரை அடையாளம் காண்பதும் ஆகும்; அந்தச் சிறு நிம்மதி இல்லாத இல்வாழ்க்கை இயலுமா? இதற்கு விடை தேட வேண்டிய கடமை கதைக்கு இருந்தது.

விடை வேண்டுமெனில் அது ஊ-ஜினின் தாயிடம் இருந்தது. அவனுடைய தந்தைக்கும் இதே நிலை இருந்தது என்பது பிற்பகுதியில்தான் தெரியவருகிறது. நாளொரு முகமாக வந்த கணவனுடன் அப்பெண்மணி எவ்வாறு குடும்பம் நடத்தினார்? கதவைத் தட்டியவரை எந்தக் குறியால் கணவரென்று கண்டார்? அவரைக் கேட்கவேண்டிய கேள்விகள் நூறு இருக்க, படம் சில நிமிடங்களில் அவரை விட்டு அகன்றுவிடுகிறது. ஒரு முழுக் காவியத்துக்குரிய பொருளை அடிக்குறிப்பாகச் சுருக்கிய சிக்கனம் இது!

கிம் ஜூ-ஹ்யோக் தோன்றும் பிரிவுக் காட்சியைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. 2017இல் கார் விபத்தில் மறைந்த அந்நடிகர், இப்படத்தில் நடித்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். பனி பொழியும் தெருவில், அவளுடைய நலம் கருதி அவளை விட்டு விலகும் ஊ-ஜினாக அவர் நிற்கிறார். முகத்தில் மினுக்கு இல்லை, களைப்பு இருக்கிறது. பேச்சும் மிகச் சிலவே. அந்த ஒரு காட்சியில் நடிகரை மறந்து ஊ-ஜினைக் காண்கிறோம். அதன்பின் கதை செக் நாட்டுக்குப் பயணப்படுகிறது. அவனைத் தேடிச் செல்லும் ஈ-சூவின் முன் அங்கே வந்து நிற்பவர் யூ யோன்-சோக். மீண்டும் ஓர் இளைஞர், மீண்டும் ஓர் அழகர்.